வாசனை இல்லாத வீடு

கோத்தகிரியிலிருந்து குன்னூர் போகும் காலை ஏழரை மணி பஸ்ஸில் ராஜப்ரியா ஒரு சதுரத் தகர டப்பாவை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் அணைத்து, அதன் மேல் சால்வையைப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் கண்ணாடி சரியாக மூடவில்லை. இடுக்கு வழியாக வந்த காற்று ஊசியாகக் குத்தியது. அவள் சால்வையின் ஓரத்தை இழுத்து இழுத்து டப்பாவின் மேல் விட்டாளே தவிர, தன் கழுத்தை மூடிக்கொள்ளவில்லை. பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கொழந்தைக்கு மூஞ்சிய மட்டும் தொறந்து வுடு கண்ணு. மூச்சு முட்டப் போவுது."

ராஜப்ரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சால்வையை விலக்கித் தகரத்தின் மூலையைக் காட்டினாள். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அட, தகரமா! நாங்கூட எத்தனை மாசம்னு கேக்கலாம்னு இருந்தேன்."

"மூணு வாரமுங்க" என்றாள் ராஜப்ரியா.

உண்மையில் மூன்று வாரம்தான். உறைபனி விழுந்த தை மாதத்து விடியல்களில் பறித்த கொழுந்தை வாட்டி, கையால் உருட்டி, கல்லூரித் தோழன் முத்துராஜ் செய்த அடுப்பில் உலர்த்தி எடுத்த ஒன்றரைக் கிலோ தேயிலை அந்த டப்பாவில் இருந்தது. இன்று பதினோரு மணிக்கு, வழியில் இருக்கும் கல்லூரியின் கூடத்தில் எல்லோருக்கும் முன்னால் அதைக் கொதிக்கும் நீரில் போடப் போகிறார்கள். குன்னூரிலிருந்து தேயிலை ருசி பார்ப்பவர் ஒருவர் வருகிறார். அவர் நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால், கல்லூரிக் கேன்டீனுக்குப் பின்னால் இருக்கும் பழைய ஷெட் மாணவர்களுக்குக் கிடைக்கும். பத்துக் குடும்பங்கள் தங்கள் கொழுந்தை அங்கே கொண்டுவந்து தேயிலையாக்கிக்கொண்டு போகலாம். அந்தப் பத்தில் ஒன்று முத்துராஜின் குடும்பம். அது மலையில் தங்கிவிடும்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவள் நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தாள்.

பச்சை இலை கிலோ பதினைந்து ரூபாய்க்குப் போன காலத்தில் கட்டின மாடி வீடுகளெல்லாம் பாதி பூசியும் பாதி பூசாமலும் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தன. இப்போது விலை ஐந்தில் நின்றது. பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று பலர் கொழுந்தைச் செடியிலேயே விட்டிருந்தார்கள். இடுப்பளவில் மட்டம் தட்டினாற்போல் இருக்க வேண்டிய தேயிலைத் தோட்டங்கள் ஆள் உயரத்துக்குக் கிளை விட்டு, யார் வீட்டுப் பிள்ளையோ முடிவெட்டாமல் திரிகிற மாதிரி இருந்தன. மேட்டுப்பாளையம் பஸ்ஸின் மேல்கூரையில் பாத்திர மூட்டை ஏறாத நாள் இல்லை. எல்லா மூட்டைகளும் திருப்பூருக்குத்தான் போயின. அவளுடைய பி.காம். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது நான்கு பெயர்களுக்குப் பதில் வருவதில்லை. அந்தப் பெயர்களை அடிக்க மனம் வராமல் ஆசிரியர் அவற்றையும் சேர்த்தே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

முத்துராஜ் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் வருஷம். அவன் அப்பா முனியசாமி முப்பது வருஷம் எஸ்டேட்டில் வேலை பார்த்து, வந்த பணத்தில் ஒன்றரை ஏக்கர் தேயிலை வாங்கியவர். தன் பெயரில் ஒரு பட்டா இருக்கிறது என்பதைப் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது அந்த இடத்தில் காட்டேஜ் கட்ட ஒருவர் கேட்கிறார் என்று மெதுவான குரலில் சொல்ல ஆரம்பித்திருந்தார். மகன் கெஞ்சியதால் ஒரு கெடு வைத்தார். "தை முடியட்டும். அதுக்கு மேல எங்கிட்டக் கேக்காத. திருப்பூர்ல உன் மாமன் பனியன் கம்பெனில மூணு பேருக்கும் சொல்லி வெச்சிருக்கான்."

மூன்றாவது ஆள் முத்துராஜ்.

அவன் அடுப்பு என்று சொன்னது ஒரு பழைய எண்ணெய் டிரம்மும் நான்கு தட்டுகளும் ஒரு குழாயும்தான். ஆனால் விறகுப் புகை ஒரு பக்கம் போகும், சூடான காற்று மட்டும் தட்டுகளுக்கு வரும். இலை புகையைத் தொடவே தொடாது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வைத்து அவன் அதைக் காட்டியபோது, "இதக் காலேஜ்ல வெக்கலாமே முத்து, அங்க இல்லாத எடமா, ஆளா?" என்று கேட்டது ராஜப்ரியா. அவன் செய்கிறவன். பேசச் சொன்னால் காது மடல் சிவந்து, தரையைப் பார்ப்பான். பேசுகிற வேலையெல்லாம் அவளுடையதாயிற்று.

கல்லூரிச் செயலாளர் மனுவைப் படித்துவிட்டு, "எல்லாத் துறையும் ஒத்துக்கணும், கேன்டீன் ஒத்துக்கணும், முதல்வர் ஒத்துக்கணும், பழைய மாணவர் சங்கமும் ஒத்துக்கணும். எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க, பார்க்கலாம்" என்றார். முடியாது என்பதை மரியாதையாகச் சொல்கிற விதம் அது. ராஜப்ரியா அதை முடியும் என்று எடுத்துக்கொண்டாள். ஆடி மாதம் தொடங்கி மார்கழி வரை, ஒரு நீலக் காகித அட்டையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கல்லூரியின் படிகளில் ஏறி இறங்கினாள்.

இயற்பியல் துறைத் தலைவர் இசக்கிமுத்து சார், "இது சிலபஸ்ல எங்கம்மா இருக்கு?" என்று கேட்டு இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். அவர் கண்ணில் ஒரு தப்புப் பட்டால் அதைத் திருத்தாமல் அவரால் சாப்பிடக்கூட முடியாது என்று மாணவர்கள் சொல்வார்கள். மூன்றாவது முறை அவள் அடுப்பின் படத்தில் குழாயை வேண்டுமென்றே தலைகீழாக வரைந்து எடுத்துப் போனாள். சார் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "எந்த முட்டாள் வரைஞ்சது இது?" என்று சிவப்புப் பேனாவை எடுத்தார். அரை மணி நேரத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கேன்டீன் ஷெட் வாசலில் முத்துராஜ் கொண்டுவந்து வைத்திருந்த டிரம்முக்குள் தலையை நுழைத்திருந்தார். புகை கசிகிறதா என்று வெள்ளைக் கைக்குட்டையைத் தட்டின் மேல் விரித்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, துறையின் முத்திரையோடு கையெழுத்துப் போட்டார்.

கேன்டீன் ஒச்சப்பன்தான் ரொம்ப இழுத்தடித்தார். ஷெட்டில் அவருடைய விறகும் உடைந்த பெஞ்சுகளும் இருந்தன. "தாயி, நான் டீ விக்கிறவன். நீங்க பின்னால நல்ல டீ போட்டா முன்னால என் டீய எவன் குடிப்பான்?" என்றார். அதில் நியாயம் இருந்தது. ராஜப்ரியா வாதாடவில்லை. தினமும் மத்தியானம் அங்கே போய் உட்கார்ந்து அந்தக் கறுத்த, கசந்த டீயைக் குடித்தாள். குடித்துவிட்டு இன்னொரு கிளாஸ் கேட்டாள். பதினோராம் நாள் ஒச்சப்பன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "பதினெட்டு வருசத்துல எங்கிட்ட ரெண்டாவது கிளாஸ் கேட்ட மொத மனுசி நீதான். இது மனசறிஞ்சு செய்யிற தியாகம். கொண்டா அட்டைய."

முதல்வர் செலஸ்டின் மேடம் அதிகம் கேட்கவில்லை. அட்டையில் இருந்த கையெழுத்துகளை வரிசையாகப் பார்த்துவிட்டு, "இந்தப் பையன் உனக்கு யாரும்மா?" என்று மட்டும் கேட்டார்.

"காலேஜ்மேட்டுங்க மேடம்."

மேடம் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சிரிக்காமல், பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டுக் கட்டின வீடு மாதிரி அது ஆயிற்று. பழைய மாணவர் சங்கத்தார் பீங்கான் கோப்பைகள் தந்தார்கள். செயலாளர் கடைசியாகக் கேட்ட ருசிப் பரீட்சைக்கு நாளும் குறித்தாயிற்று.

தேயிலையைப் பற்றி முத்துராஜ் அவளுக்குச் சொல்லித் தந்ததில் முதல் பாடமே, அது பக்கத்தில் இருக்கிற வாசனையையெல்லாம் வாங்கிக்கொள்ளும் என்பதுதான். வெங்காயத்துக்குப் பக்கத்தில் வைத்தால் வெங்காயமாகிவிடும். அதனால் டப்பாவை எங்கே வைப்பது என்பதே பெரிய கவலையாக இருந்தது. கேன்டீன் அலமாரியில் பஜ்ஜி எண்ணெய் வாடை அடித்தது. இயற்பியல் ஆய்வகத்தில் மண்ணெண்ணெய். நூலகப் பீரோவில் பூச்சி உருண்டை. டப்பாவின் மூடியும் அவ்வளவு இறுக்கமில்லை. ஷெட் வாசலில் முத்துராஜும் அவளும் மட்டும் நின்று யோசித்தபோது ராஜப்ரியாதான் சொன்னாள்:

"எங்கூட்டுல வெச்சுக்கறேன். எங்கூட்டுல ஒரு வாசனையும் இல்ல."

அவள் பொய் சொல்லவில்லை.

அவள் வீடு, இலை வாங்கும் தனியார் ஃபேக்டரி ஒன்றின் குவார்ட்டர்ஸ். அப்பா ஆறுக்குட்டி அங்கே இலை எடை போடும் கிளார்க். அன்னூர்ப் பக்கத்திலிருந்து இருபத்தைந்து வருஷத்துக்கு முன் மலையேறியவர். மூட்டையில் ஈரம் இருக்கிறது, முற்றல் இருக்கிறது என்று இத்தனை கிலோ கழிவு போடச் சொல்வது முதலாளி. ஆனால் அதை எழுதுவது ஆறுக்குட்டியின் கை. விலை விழுந்ததிலிருந்து கழிவு கூடியது. கடைவீதியில் அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களும் கூடினார்கள். போன மாதம் காத்தமுத்து என்கிற தோட்டக்காரர் எடைத் தராசுக்கு முன்னால் நின்றுகொண்டு, "ஏனுங் ஆறுக்குட்டி, பனியில நனையாம எலை எந்த ஊர்லீங்க மொளைக்குது? சொன்னா அங்கயே போயிர்றோம்" என்று கேட்டாராம். அப்பா வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டுத் தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்தார்.

அம்மா மருதாம்பாளுக்கு இளைப்பு. மலைக்கு வந்த முதல் வருஷமே பிடித்துக்கொண்டது. பனிக்காலத்தில் காலை, மத்தியானம், இரவு என்று மூன்று வேளையும் யூகலிப்டஸ் தைலம் விட்ட கொதிநீரில் ஆவி பிடிப்பாள். ஊரில் காய்ச்சுகிறவர்களிடமிருந்து லிட்டர் பாட்டிலில் வாங்கி அடுப்படி ஜன்னலில் வைத்திருப்பார்கள். அப்பா அம்மாவின் தலையணையில் நான்கு சொட்டு விடுவார். ராஜப்ரியா பிறந்தது, தவழ்ந்தது, படித்தது எல்லாம் அந்த ஆவிக்குள்தான். மீனுக்குத் தண்ணீர் தெரியாத மாதிரி அவளுக்கு அது தெரியாது.

டப்பாவை அவள் தன் கட்டிலின் தலைமாட்டில் வைத்தாள். பதினாறு நாள். ஒவ்வொரு நாளும் படுப்பதற்கு முன் மூடியைத் திறந்து, முகத்தை உள்ளே கவிழ்த்து மூச்சிழுத்தாள். பக்கத்து அறையில் அம்மா போர்வைக்குள் ஆவி பிடித்துக்கொண்டிருப்பாள்.

அன்று காலை கல்லூரி வாசலில் முத்துராஜ் காத்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. அவன் அப்பாவின் சட்டை அது. தோள்பட்டை இறங்கியிருந்தது. டப்பாவை வாங்கி, திறந்து, குனிந்து முகர்ந்தான். ஒரு நொடி அப்படியே நின்றான். பிறகு நிமிர்ந்து, பக்கத்தில் நின்ற அவளைப் பார்த்து, என்னவோ நிம்மதி அடைந்தவன் போல மூடினான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றான். காது மடல் சிவந்திருந்தது.

கூடத்தில் முன் வரிசையில் செயலாளரும் முதல்வரும் துறைத் தலைவர்களும். பின்னால் பத்துத் தோட்டக்காரர்கள், குளித்துத் திருநீறு பூசி, சபைக்கு வந்தவர்கள் மாதிரி கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். முனியசாமி நடுவில் இருந்தார். காத்தமுத்து அவருக்கு இடப்பக்கம். ஒச்சப்பன் தோளில் புதுத் துண்டோடு வாசலில் நின்றார். மேஜைமேல் வெள்ளைக் கோப்பைகள்.

ருசி பார்க்க வந்தவர் அதிகம் பேசாத மனிதர். தேயிலையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, "உருட்டு நல்லா இருக்கு. கையாலயா?" என்றார். பின்வரிசையில் சின்ன அசைவு எழுந்தது. கொதிநீரை ஊற்றி மூடினார். ஐந்து நிமிஷம். வடித்த சாறு தேன் நிறத்தில் இருந்தது. முனியசாமி எட்டிப் பார்த்து, தன் பிள்ளையின் மார்க் ஷீட்டைப் பார்க்கிறவர் போலத் தலையை ஆட்டினார். அந்த ஐந்து நிமிஷம்தான் தன் வாழ்க்கையிலேயே மிகச் சந்தோஷமான நேரம் என்று ராஜப்ரியாவுக்குப் பிற்பாடு எப்போதும் தோன்றும்.

அவர் ஒரு கரண்டி எடுத்துச் சத்தமாக உறிஞ்சினார். வாய்க்குள் சுழற்றினார். துப்பினார். இன்னொரு முறை உறிஞ்சித் துப்பினார். மூடியில் ஒட்டியிருந்த இலையை மூக்கருகே கொண்டுபோனார்.

"தைலம்" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"யூகலிப்டஸ் தைலம். நல்ல இலைங்க. பனி இலை. ஆனா முழுக்கத் தைலம் ஏறியிருக்கு. இதை மருந்துக் கடையிலதான் விக்கலாம்."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கோப்பைகள் கைமாறின. முகர்ந்தவர்களெல்லாம் தலையை ஆட்டினார்கள். ராஜப்ரியா ஒரு கோப்பையை எடுத்து முகர்ந்தாள். தேயிலை மணந்தது. தேயிலை மட்டும்தான் மணந்தது. அப்போதுதான் அடுப்படி ஜன்னலில் இருக்கும் லிட்டர் பாட்டில் அவள் கண்முன் வந்து நின்றது.

செயலாளர் கேட்டார்: "எங்கே வெச்சிருந்தீங்க இதை?"

அவள் எழுந்தாள். வாய் திறந்தது. பின்வரிசையில் காத்தமுத்துவின் முகம் தெரிந்தது. ஃபேக்டரி குவார்ட்டர்ஸில், எடை கிளார்க் ஆறுக்குட்டியின் வீட்டில் என்று சொன்னால், அந்தப் பத்துப் பேருக்கும் வேறு எந்த விளக்கமும் வேண்டியிருக்காது. இவர்கள் சொந்தமாகத் தேயிலை போட்டால் இலை போகாத இடம் அந்த ஃபேக்டரிதானே. அப்பா பாதிச் சோற்றில் எழுந்து போவது அவளுக்குத் தெரிந்தது. ஒரு மூச்சு நேரம்தான் தயங்கினாள்.

"ஷெட்லதான் சார்" என்றான் முத்துராஜ்.

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். மூன்று வருஷத்தில் அந்தக் கூடத்தில் அவன் பேசிய முதல் வாக்கியம் அது.

"தைல மர விறகு சார். குழாய்ல கசிவு இருந்திருக்கும். புகை எலைல ஏறிருச்சு."

இசக்கிமுத்து சார் பாதி எழுந்தார். "டேய், நான் டெஸ்ட் பண்ணேன்டா. கைக்குட்டை..."

"அதுக்கப்புறம் கசிஞ்சிருக்கு சார். நான்தான் கவனிக்கல." அவன் தரையைப் பார்க்கவில்லை. நேராகப் பார்த்துச் சொன்னான். "அடுப்பு சரியில்ல சார்."

செயலாளர் இசக்கிமுத்து சாரைத் திரும்பிப் பார்த்தார். "உங்க டிபார்ட்மென்ட் சீல் போட்டது, இல்லையா சார்?" என்று அமைதியாகக் கேட்டார். சார் உட்கார்ந்தார். சட்டைப் பையில் கை வைத்தார், எதையோ எடுக்கப் போகிறவர் போல. எடுக்கவில்லை.

முனியசாமி தனக்குக் கொடுத்த கோப்பையைக் குடிக்காமல் நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்தார். மகன் வாயாலேயே கேட்டாயிற்று. அதற்கு மேல் அவருக்கு என்ன வேண்டும்? ஒவ்வொருவராகப் பின்வரிசை எழுந்தது. காத்தமுத்து மட்டும் போகிற வழியில் முத்துராஜின் தோளைத் தட்டி, "வுடு மாப்ள. புகை யாரு பேச்சக் கேக்குது" என்றார்.

ஷெட்டில் அவன் தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் வாசலிலேயே நின்றாள்.

"ஏன் முத்து அப்படிச் சொன்னே?"

"வேற என்ன சொல்றது? காத்தமுத்து மாமா அங்கருந்தே உங்கப்பாவத் தேடிட்டுக் கெளம்பியிருப்பாரு."

"அந்தத் தைலம் எங்கூட்டுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் துணியைப் பிழிந்தான். தட்டின் மூலையைத் துடைத்தான். "காலைல டப்பாவத் தொறந்தேன்ல. அப்பவே வந்துச்சு."

"அப்பவே சொல்லியிருந்தா..."

"உன் சால்வைன்னு நெனச்சேன்."

அவளுக்குப் புரியவில்லை. அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "மூணு வருசமா அந்த வாசனைதானே பிரியா. நீ பூசிக்கறதுன்னு இருந்தேன், ஊடே அப்படின்னு தோணல. லைப்ரரில நீ பின்னால வந்து நின்னா நான் திரும்பிப் பாக்க மாட்டேன். பாக்காமயே தெரியும். காலைலயும் நீ பக்கத்துல நின்னே. நீதான்னு நெனச்சேன்."

ராஜப்ரியா சால்வையின் ஓரத்தை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டாள். கம்பளி. கொஞ்சம் பஸ் புழுதி. வேறு ஒன்றும் இல்லை.

"இன்னொரு தடவை போடலாம். நான் போய் மேடத்துகிட்டச் சொல்றேன். எல்லாத்தையும் சொல்லிர்றேன்."

"பனி முடிஞ்சிருச்சு." அவன் கடைசித் தட்டை மற்றவற்றின் மேல் அடுக்கினான். "அப்பா நேரா காட்டேஜ்காரர் ஊட்டுக்குத்தான் போயிருப்பாரு. சொல்லாத. இனிமே சொல்லி யாருக்கு என்ன?"

முத்து என்று கூப்பிட்டாள். அதற்குமேல் சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. ஒச்சப்பன் இரண்டு கிளாஸ் டீயோடு வந்து, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, கிளாஸ்களை டிரம்மின் மேல் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார். அவை அங்கேயே ஆறிப்போயின.

பத்தாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, முனியசாமி குடும்பம் மேட்டுப்பாளையம் பஸ் ஏறியது. மகன் பரீட்சைக்கு வந்து எழுதிவிட்டுப் போகட்டும் என்று சொன்னார்களாம். ராஜப்ரியா வழியனுப்பப் போகவில்லை. கேட்கிறவர்களுக்கு என்ன முறை சொல்லி அங்கே நிற்பாள்?

திங்கட்கிழமை அவள் முதல்வர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். டப்பா, தலைமாடு, அம்மாவின் ஆவி, அப்பா. செலஸ்டின் மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு, "அன்னிக்கு என்கிட்ட வந்து காதோட சொல்லியிருந்தாக்கூடப் போதுமேம்மா" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். செயலாளர் அந்த ஷெட்டை வண்டி நிறுத்தக் கேட்டிருக்கிறார் என்றும், இசக்கிமுத்து சாரிடமாவது தான் சொல்லிவிடுவதாகவும் மேடம் சொன்னார். மறுநாள் வராந்தாவில் இசக்கிமுத்து சார் அவளைப் பார்த்ததும் நின்றார். பையிலிருந்து நான்காக மடித்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, அவளிடம் விரித்துக் காட்டிவிட்டு, மறுபடி மடித்துக்கொண்டு போனார்.

அப்பாவிடம் சொன்னது ஒரு சாப்பாட்டு நேரத்தில். ஆறுக்குட்டி பிசைந்த கையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"எம்பேரு வந்துரும்னா வாயத் தொறக்காம இருந்தே?"

அவள் தலையசைத்தாள்.

"என்னைய நூறு பேரு திட்டறான் அம்முணி." அவர் குரல் கோபமாக இல்லை. "இன்னும் பத்துப் பேரு திட்டியிருப்பான். திட்டிட்டுப் போறான். அந்தப் பையன் இங்கயே இருந்திருப்பானே."

அடுப்படியில் நின்று கேட்ட மருதாம்பாள் தைலப் பாட்டிலை இறுக மூடி வைத்தாள். அன்று அவள் ஆவி பிடிக்கவில்லை. ராத்திரி முழுக்க அவள் மூச்சு விசில் மாதிரி இழுத்தது. விடியற்காலையில் ராஜப்ரியாவே எழுந்து வெந்நீர் வைத்து, பாட்டிலைத் திறந்து, தைலத்தை ஊற்றி எடுத்துப் போய் அம்மாவின் முன்னால் வைத்தாள்.

பரீட்சைக்கு முத்துராஜ் வந்தான் என்று கேள்விப்பட்டாள். இயற்பியலுக்கும் வணிகவியலுக்கும் வேறு வேறு நாள். அவன் உட்கார்ந்த பெஞ்சு எது என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஒச்சப்பன் மட்டும், "உள்ளங்கையெல்லாம் சாயம் ஏறிக் கெடக்கு தாயி, நீலமா. ஒரு டீ குடிச்சான். ரெண்டாவது கேட்டான்" என்றார். அடுப்பின் நான்கு தட்டுகளையும் ஒச்சப்பன் வடையின் எண்ணெய் வடிய வைத்துக்கொண்டிருந்தார். டிரம்மை மட்டும் யாரையும் தொடவிடவில்லை.

சித்திரையில் அவளைக் கோயம்புத்தூரில் சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் படிப்பு, இரண்டு மாதம். சிங்காநல்லூர் வெயிலில் சால்வை பெட்டிக்குள்ளேயே கிடந்தது. திருப்பூர் அங்கிருந்து ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த பஸ் நிற்கும் இடத்தைக் கடந்து அவள் காய்கறி வாங்கப் போனாள். ஒரு நாளும் ஏறவில்லை.

ஆனி மாதம் ஒரு மாலையில் மலையேறினாள். கொண்டை ஊசி வளைவுகளில் குளிர் ஜன்னல் வழியே மெல்ல உள்ளே வந்தது. கோத்தகிரியில் இறங்கி, தூறலில் நடந்து, ஃபேக்டரியைத் தாண்டி, குவார்ட்டர்ஸ் வரிசையில் மூன்றாவது வீட்டின் கதவைத் தள்ளினாள்.

தள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஒரு ஆள் எதிரே வந்து நின்ற மாதிரி இருந்தது. இனிப்பும் காரமுமாக, குளிர்ந்து, கண்ணின் ஓரம்வரை ஏறுகிற வாசனை. சுவரிலிருந்து, திரைச்சீலையிலிருந்து, கொடியில் தொங்கிய தன் பழைய தாவணியிலிருந்து அது வந்துகொண்டே இருந்தது. இருபது வருஷத்தில் முதல் முறையாக அவள் அதை முகர்ந்தாள். நூலகத்தில் ஒருவன் திரும்பிப் பார்க்காமல் புத்தகத்தில் குனிந்தே இருந்தது நினைவுக்கு வந்தது. அவன் சிரித்துக்கொண்டிருந்திருப்பான். இத்தனை நாள் அது அவளுக்குத் தெரியவில்லை.

"யாரு, பிரியாவா? வாசல்ல என்ன கண்ணு பண்றே? மழச்சாரல் அடிக்குது, உள்ள வா" என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"வர்றேனுங்கம்மா" என்றாள்.

உள்ளே போனால் சற்று நேரத்தில் பழகிவிடும். பழகிவிட்டால் மறைந்துவிடும். அவள் ஒரு அடி பின்வாங்கி, கதவை மெதுவாகச் சாத்தினாள். தூறலில் நின்று, மழையும் மண்ணுமான வெளிக்காற்றை நெஞ்சு நிறைய இழுத்து விட்டாள். பிறகு மறுபடியும் கதவைத் திறந்தாள்.